உப்பும் வித்தியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய வாயில் ஆனையிறவு. ஒருகாலத்தில் வன்னிக் காட்டு யானைகள் இவ்வழியே கொண்டு செல்லப்பட்டன என்பதைப் பெயரே உரைக்கும். பிற்காலத்தில் அதற்குப் புகழ் தந்தது உப்பு. 1990இல் போர்ச் சூழலால் உப்பளம் செயலிழந்தது. 2009இல் போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே பாத்திகளில் மீண்டும் உப்பு விளைந்தது. மீனவருக்கு உப்பு வெறும் சுவைப்பொருள் அன்று. உப்புக் குறைந்த கருவாட்டில் மாரிக்காலத்திற் பூஞ்சணம் பிடிக்கும். பல நாள் உழைப்பு வீணாகும்.

உப்புப் பூஞ்சணத்தின் வித்தியைக் கொல்வதில்லை. அதற்கு வேண்டிய நீரையே மறுக்கின்றது. வித்தியோ ஈரம் வரும்வரை காத்துக் கிடக்கின்றது. 1729இல் இத்தாலியரான மிக்கேலி பழத்துண்டுகளில் வித்திகளைத் தூவி, அதே பூஞ்சணம் முளைப்பதைக் காட்டினார். தேவாலயத்தில் நீர் தெளிக்குங் கருவியை ஒத்த ஒன்றுக்கு அஸ்பர்கில்லஸ் எனப் பெயரிட்டவரும் அவரே. இலங்கைக் கருவாட்டிலும் இவ்வகைப் பங்கசுகள் உண்டு.

வித்தி எவ்வாறு உருவாகின்றது என்ற வினாவுக்கு விடை காண மேலும் இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1969இல் கிளாஸ்கோவில் கிளட்டர்பக் ஆராய்ந்த அஸ்பர்கில்லஸ் நிடுலன்ஸ் விகாரங்களுள் ஒன்று, வித்தியே தாங்காத நெடுங்காம்புகளை மட்டும் தூரிகை மயிர்போல் நிறுத்தியது. பிழைபட்டிருந்த அப்பரம்பரையலகு பிஆர்எல்ஏ எனப்பட்டது. 1988இல் டிம்பர்லேக் குழுவினர் அதனை இழைக் கலங்களில் வலிந்து இயக்கியபோது, வித்தி தோன்றக்கூடாத இடத்திலும் வித்தி தோன்றியது! ஓர் அலகு தூண்ட, அதன் ஏவலில் ஏபிஏஏ, வெட்ஏ என்பன முறையே விழிக்கின்றன.

இதனினும் வியப்பானது அலகுகளின் இருப்பிடம். வித்திக்கே உரிய அலகுகள் பல நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்துக் கூட்டமாய் அமைந்திருப்பதை 1982இல் ஓரும் டிம்பர்லேக்கும் கண்டனர். அவ்வலகொன்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தபோது, இழைக் கலங்களில் உறங்க வேண்டிய அது ஓரளவு விழித்துக்கொண்டது. அயலிடமும் அடக்கியாளுகின்றது போலும். ஆயினும் 1989இல் அக்கூட்டம் முழுவதையும் நீக்கிப் பார்த்தபோது, வித்திகள் வழமைபோலவே உருவாகின. ஒழுங்காய் அடுக்கப்பட்டதெல்லாம் இன்றியமையாதது என்று கொள்வது ஆய்வாளருக்கு எளிது. பங்கசு அதற்கு இணங்கவில்லை.

உப்பை வேலியென நம்புவோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். மீனுண்ணி எனப் பொருள்படும் வலேமியா இக்தியோபாகா என்ற பங்கசு, உப்பின்றி வளரவே மாட்டாது. 2013இல் அதன் பரம்பரையலகுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது, அது மிகச் சிறியதெனத் தெரிந்தது. எனினும் கலச்சுவரைப் போர்த்தி நீரை விலக்கும் புரதங்களுக்குரிய அலகுகள் அதிற் பெருகிக் கிடந்தன.