பச்சை முகமும் கண்ணாடிச் சில்லும்

தூத்துக்குடியில் நான் வால்வு ரேடியோ பழுது பார்க்கக் கற்ற நாளில், ஃபேஸ் என்ற சொல்லைக் கரண்டு கம்பியைத் தவிர வேறெதற்கும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மீடியம் வேவ் ரேடியோவுக்கு அது தேவையும் இல்லை. அலையின் உயரம் கூடிக் குறைவதைத்தான் டிடெக்டர் பார்க்கும். அலை கொஞ்சம் முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் பாட்டு பாட்டாகவே கேட்கும்.

1982இல் அந்த நிம்மதி போயிற்று. பிப்ரவரி 15 அன்று கடலுக்கு அந்தப் பக்கம் ரூபவாஹினி தொடங்கியது. ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனும் கலருக்கு மாறியது. எங்கள் ஊர் மொட்டைமாடிகளில் இரும்புக் குழாய்க்கு மேல் குழாய் செருகி, உச்சியில் ஆண்டெனாவும் பூஸ்டரும் கட்டி, இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஒருநாள் காலையில் ஒருவர் கடைக்கு ஓடிவந்தார். “அண்ணாச்சி, நியூஸ் வாசிக்கிற அம்மா முகம் பச்சையா இருக்கு. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு.”

பிக்சர் டியூப்தான் போய்விட்டது என்று நினைத்தேன். அது தவறு. அந்தப் பச்சை முகத்தின் காரணத்தைத் தேடிப் போனபோதுதான் ஹானோவர் நகரத்து வால்டர் புரூக்கின் கதை எனக்குத் தெரியவந்தது.

கலர் டிவியில் நிறம் வரும் விதத்தை ஒரு கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். முள் காட்டும் திசைதான் நிறம். முள்ளின் நீளம் நிறத்தின் அடர்த்தி. அந்தத் திசையை அலையின் ஃபேஸ் சுமந்து வருகிறது. முள் பத்து டிகிரி பிசகினாலே மனித முகம் மாறிவிடும். வானமோ புடவையோ மாறினால் யாருக்கும் தெரியாது. முகம் மாறினால் குழந்தைக்கும் தெரியும். 1953இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட என்.டி.எஸ்.சி. முறைக்கு இதுதான் தீராத தலைவலி. திரையில் படத்தை வரையும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ‘இதுதான் 12 மணி’ என்று காட்ட ஒரு சிறு அலைத்துணுக்கை அனுப்பினார்கள். அதைப் பார்த்துப் பெட்டிக்குள் இருக்கும் கிரிஸ்டல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்தத் துணுக்கு கறுப்பு மட்டத்தில் வருவது. படத்தில் வெளிச்சமான இடம் வந்ததும் சர்க்யூட்டுகள் முள்ளைக் கொஞ்சம் தள்ளிவிடும். அந்தப் பிழை துணுக்குக்குத் தெரியாது. அதனால்தான் அமெரிக்கப் பெட்டிகளில் நிறத்தைத் திருப்பத் தனியாக ஒரு குமிழ் இருந்தது.

டெலிஃபுங்கன் நிறுவனத்தில் இருந்த புரூக், 1963 ஜனவரி 3 அன்று ஐரோப்பிய ஒலிபரப்பு நிபுணர்களுக்குக் காட்டிய பால் (PAL) என்ற முறை, பிழையைத் தடுக்க முயலவே இல்லை. முதல் வரியில் முள்ளை இருந்தபடி அனுப்பு. அடுத்த வரியில் கண்ணாடியில் பார்த்ததுபோலக் கவிழ்த்து அனுப்பு. வழியில் இரண்டும் ஒரே பக்கமாகத்தான் தள்ளப்படும். பெட்டி இரண்டாவது வரியை மறுபடி கவிழ்க்கும்போது அதன் பிழை மட்டும் எதிர்ப்பக்கம் போய் நிற்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் திசை சரியாகிவிடும், நீளம் மட்டும் சற்றுக் குறையும். 10 டிகிரி பிழைக்கு ஒன்றரை சதவீதம். 20 டிகிரிக்கு ஆறு. நிறம் இந்த அளவு வெளுத்தால் கண்ணுக்குத் தெரியாது. நாற்பது வருடமாக இதை நினைக்கிறேன், இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

இதை ஒரு மனிதரின் கணக்கில் மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றி மாற்றிக் கவிழ்க்கும் யோசனையை என்.டி.எஸ்.சி. உருவான காலத்திலேயே அமெரிக்காவின் ஹேசல்டைன் நிறுவனத்து லாஃப்லின் முன்வைத்திருந்தார். ஒரு வரியைப் பிடித்து வைத்து அடுத்த வரியோடு சேர்ப்பது, பிரான்சின் ஆன்ரி தெ ஃபிரான்ஸ் தம் செக்காம் முறைக்காகக் கையாண்ட வழி. இரண்டையும் ஒரே பெட்டியில் ஒன்றாக வேலை செய்ய வைத்தது புரூக்கின் சாதனை. அதுவே பெரிய சாதனைதான்.

வரியைப் பிடித்து வைப்பது லேசல்ல. நொடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்கு 64 மைக்ரோ செகண்ட். அதற்குள் ரேடியோ அலை 19 கிலோமீட்டர் ஓடிவிடும். அத்தனை கம்பியை எங்கே வைப்பது? அலையைக் கண்ணாடிக்குள் ஒலியாக மாற்றி அனுப்பினார்கள். கண்ணாடியில் ஒலி ஆமை வேகத்தில் போகும். ஒரு மூலையில் உள்ள கிரிஸ்டல் அதிர, ஒலி கண்ணாடியின் ஓரங்களில் மோதி மோதித் திரும்பி, மறு கிரிஸ்டலைச் சேர 63.943 மைக்ரோ செகண்ட் ஆகும். எங்களுக்கு அது ‘டிலே லைன்’. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் டப்பா.

பச்சை முகத்துக்கு வருகிறேன். எந்த வரி கவிழ்ந்தது, எது கவிழாதது என்று பெட்டிக்குத் தெரியவேண்டும். அதற்காக அந்த அலைத்துணுக்கே வரிக்கு வரி 45 டிகிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி வரும். அந்த ஆட்டத்தைப் படிக்கும் பகுதி பழுதானால் பெட்டி தவறான வரியைக் கவிழ்க்கும். சதை நிறம் பச்சையாகும். அன்று அந்தப் பெட்டியில் இருந்தது ஒரு டிரை சால்டர். சூடு காட்டியதும் அந்த அம்மாவின் முகம் திரும்பி வந்தது.

இன்னொரு நோய் கோடுகள். டிலே லைன் வழி வரும் வரியும் நேர்வழி வரும் வரியும் அளவிலோ ஃபேஸிலோ பொருந்தாவிட்டால் படம் முழுக்கக் கிடைக்கோடு விழும். “பத்தமடைப் பாய் விரிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்பார்கள். புத்தகத்தில் அதற்குப் பெயர் ஹானோவர் பட்டைகள். பிரீசெட்டை ஒன்று, காயிலை ஒன்று என மாற்றி மாற்றித் திருகவேண்டும். முதல் முறை இரும்பு ஸ்குரூடிரைவரால் திருகிக் காயிலின் ஃபெரைட்டை உடைத்துவிட்டேன். பிறகு பிளாஸ்டிக் பின்னல் ஊசியைத் தேய்த்து ஒரு திருகி செய்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தால் கோடு தெரியும், எட்டடி தள்ளினால் தெரியாது. ஆகவே மூக்கு திரையில் படும் தூரத்தில் இருந்துதான் சரிசெய்வேன்.

தொண்ணூறுகளில் டிலே லைனும் ஒரு ஐ.சி.க்குள் போய்விட்டது, திருகுவதற்கு எதுவும் இல்லை. பழைய பெட்டி ஒன்றைப் பிரித்தபோது அந்த டப்பாவை உடைத்துப் பார்த்தேன். உள்ளே நகத்தின் கனத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு; வழிதவறும் ஒலியை விழுங்க அதன்மேல் கறுப்புப் பொட்டுகள் வைத்திருந்தார்கள். மேசை டிராயரில், பின்னல் ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.