கைப்பக்குவம் ஏட்டில் ஏறிய கதை

புதிதாய்ச் சமைக்கப் புகுந்தவளை நம் இலக்கியம் மறந்துவிடவில்லை. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் அவளைக் காட்டுகிறார்: தயிர் பிசைந்த விரல்கள், தாளிப்புப் புகை படிந்த கண்கள், தானே முயன்று ஆக்கிய புளிக்குழம்பு. கணவன் சுவைத்து உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. ஆனால் அச்சமையலை அவள் கற்ற விதத்தைப் பாடல் பேசவில்லை.

அக்கல்வி நெடுங்காலம் தாயின் கைப்பக்குவமாகவே இருந்தது; உடன் நின்று பார்த்தவருக்கே வாய்த்தது. தொலைவூரில் தனிக்குடித்தனம் வைத்த பெண்ணுக்குக் 'கண்ணளவு', 'கையளவு' என்னும் சொற்கள் எவ்வளவு உதவும்?

தமிழில் சமையல் நூல்கள் முன்பே இருந்தன. எனினும், அருகில் கேட்க ஆளில்லாத புதுமணப் பெண்ணை மனத்தில் இருத்தி எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1951இல் வெளிவந்த அவரது 'சமைத்துப் பார்' பொருள்களின் அளவையும் செய்முறையையும் ஒழுங்குபடச் சொன்னது. பின்னர் ஆங்கிலத்திலும் வந்தது. தலைப்பிலுள்ள 'பார்' என்னும் சொல்லே, பிழைக்கு அஞ்சாதே என்று துணிவூட்டுகிறது.

உரைநடை வரலாறு எழுதும் நாம் புதினங்களை எண்ணுகிறோம், கட்டுரைகளை எண்ணுகிறோம். பெண்களின் வாய்மொழிக் கல்வியை ஏட்டில் ஏற்றிய இந்நூலையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவது நம் கடன்.