தாய்க்கு எழுதிய கடிதம்: ஒய்னோவாண்டாக் கல்வெட்டில் நிறைவும் நன்றியும்

எபிகூரஸ் தம் தாய்க்கு எழுதியதாக ஒய்னோவாண்டாக் கல்வெட்டில் உள்ள கடிதம் அவர் எழுதியதன்று, அவர் பெயரில் பிற்காலத்தார் புனைந்தது என்று பமேலா கார்டன் 1996இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அந்த நூலுக்கு நாம் பட்ட கடன் பெரிது. கல்வெட்டை எபிகூரியக் கோட்பாட்டுத் தொகுப்பாக மட்டும் பார்க்காமல், அது நின்ற ஊரோடும் காலத்தோடும் சேர்த்து வாசிக்கக் கற்றுத்தந்தது அதுவே. ஆயினும் கடிதம் புனைவு என்று முடிவானதும், எபிகூரியரிடையே மனநிறைவு என்னும் கருத்து வளர்ந்த வரலாற்றிலிருந்து அது நழுவிவிடுகிறது. அப்படி நழுவவிடக் கூடாது என்பதே என் வாதம். புனைவு என்பதை முழுதாக ஒப்புக்கொண்டாலும் கடிதத்தின் காலம் மாறுமே தவிர, அதன் சான்றுவலிமை குறையாது.

லைசியாவின் மலைநகரான ஒய்னோவாண்டாவில் இக்கல்வெட்டின் முதல் துண்டுகளை 1884இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டனர். வெட்டுவித்த டயோஜெனிஸ், சினிக் மரபின் புகழ்பெற்ற டயோஜெனிஸ் அல்லர், இவ்வூரின் செல்வர். முழுக் கல்வெட்டு ஏறத்தாழ 80 மீட்டர் நீளத்தில் 25,000 சொற்கள் கொண்டிருந்தது என்பது மார்ட்டின் ஃபெர்கூசன் ஸ்மித்தின் மதிப்பீடு; பெரும்பகுதி இன்னும் கிடைக்கவில்லை. எழுத்தமைதியைக் கொண்டு அவர் இதை ஹேட்ரியன் காலத்தில் வைக்கிறார். கல்வெட்டில் வரும் காருஸ் என்பவரைக் கவிஞர் லுக்ரீஷியஸாகக் கொண்டு லூச்சியானோ கான்ஃபோரா கி.மு. முதல் நூற்றாண்டுக்குத் தள்ளினார். ஒரு பெயர் ஒற்றுமையை நம்பி எழுத்தமைதியைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் எழுத்தமைதியும் ஒரு தலைமுறை முன்பின் என்ற அளவுக்கே துணை நிற்கும்.

கடிதத்தின் முற்பகுதியில், மகனைப் பற்றிக் கண்ட கனவுகளால் கலங்கிய தாய் தேற்றப்படுகிறாள். நாம் நின்று பார்க்க வேண்டியது அதையடுத்த சிதைந்த பகுதி. அம்மா தொடர்ந்து அனுப்பிவரும் பொருள்களை இனி அனுப்ப வேண்டாம் என்கிறார் எழுதியவர். தமக்கு மிகுந்திருக்க அவளுக்குக் குறைவதை அவர் விரும்பவில்லை. அவளுக்குக் குறையாதிருக்கத் தமக்குக் குறைந்தாலும் சரி என்கிறார். அதோடு நிறுத்தாமல், தமக்கு உண்மையில் எதற்கும் குறைவில்லை என்று சொல்லிக் காரணமும் காட்டுகிறார்: நண்பர்களும் அப்பாவும் இடைவிடாமல் பணம் அனுப்புகிறார்கள், அண்மையில் கிளியோன் ஒன்பது மினா, அதாவது 900 திராக்மா, அனுப்பியிருக்கிறார். ஆகவே தம்மைப் பற்றிப் பெற்றோர் தனித்தனியே கவலைப்பட வேண்டாம் என்கிறார். ‘போதும்’ என்பதற்கு இங்கே ஆதாரமாக நிற்பது ஆசையை அடக்கிய பெருமை அன்று. யார் யார் கொடுத்தார்கள் என்ற கணக்கே ஆதாரம்.

புனைவுக் கட்சியின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. பெரியோர் பெயரில் கடிதம் புனைவது அக்காலக் கிரேக்கக் கல்வியில் பழகிய கலை. துல்லியமான தொகையும் ஆள்பெயரும் நம்பகத்தன்மை ஊட்டப் புனைவோர் கையாளும் உத்திதான். கிளியோன் என்ற பெயர் எபிகூரஸ் பித்தோக்கிளிஸுக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே வருவதால், அங்கிருந்து எவரும் எடுத்திருக்கலாம். இவ்வளவையும் ஏற்கிறேன். ஆனால் புனைகடிதங்களில் நிறைவு பொதுவாக எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். கிராட்டிஸ் பெயரில் புனையப்பட்ட சினிக் கடிதம் ஒன்றில், மனைவி ஹிப்பார்க்கியா நெய்தனுப்பிய ஆடை திருப்பி அனுப்பப்படுகிறது. நெசவை விட்டு மெய்யியலில் ஈடுபடும்படி அவளுக்கு அறிவுரையும் போகிறது. கொடையை மறுப்பதே அங்கே துறவின் அடையாளம். கொடுத்தவள் திருத்தப்பட வேண்டியவள். நம் கடிதமோ ஒருவர் கொடையை வேண்டாம் என்று சொல்ல மற்றவர்களின் கொடையைக் காரணம் காட்டுகிறது. ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றிருந்தவராக எபிகூரஸ் புகழ்பெற்ற பின் அவர் பெயரில் எழுத உட்கார்ந்த ஒருவர், அந்த ஏழ்மையைக் காட்டும் வாய்ப்பை விட்டுவிட்டு 900 திராக்மாவை ஏன் எழுத வேண்டும்? இந்தக் கேள்விக்குப் புனைவுக் கட்சியில் நிறைவான விடை இல்லை என்றே கருதுகிறேன். இது கடிதம் உண்மையானது என்பதற்குச் சான்றாகிவிடாது. புனைவேயானாலும் அது எபிகூரியரை நன்கறிந்த ஒருவரின் புனைவு என்பதை மட்டும் காட்டும்.

எபிகூரிய மரபில் நன்றி இப்படி நிறைவுக்கு ஆதாரமாக நிற்கும் இடத்தில்தான் இருந்தது. 1888இல் வெளிவந்த வாடிகன் சுவடித் தொகுப்பில் 69ஆம் வாசகம், உணவில் முடிவின்றி வகைவகையாகக் கேட்கும் பேராசைக்கு உள்ளத்தின் நன்றியின்மையையே காரணமாக்குகிறது. லுக்ரீஷியஸின் மூன்றாம் காண்டத்தில் இயற்கை மனிதனை இடித்துரைக்கும்போதும், பெற்றதெல்லாம் ஓட்டைக் கலத்தில் ஊற்றியதுபோல் நன்றியின்றி ஒழுகிப்போனதே குற்றச்சாட்டு. எபிகூரியர் ஆசைகளைத் தேவையானவை, தேவையற்றவை என்று பிரித்ததைப் பாடநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. அந்தப் பிரிவினை மனத்தில் நிலைக்கப் பெற்றதை நினைவில் வைக்கும் பழக்கம் வேண்டும் என்பது அவற்றில் ஓரமாகிவிடுகிறது. அது இல்லாவிட்டால் தேவையான ஆசையும் நிறைவதில்லை.

இனி மறுப்பு ஒன்று. அவ்வளவு பெரிய கல்வெட்டை வெட்டுவித்தவர் போதும் என்ற மனத்தைப் பற்றிப் பேசலாமா? அதுவும் புகழாசை அல்லவா? அந்த ஊரையே பார்த்தால் இக்கேள்வி கூர்மையாகிறது. கி.பி. 124இல் இதே ஒய்னோவாண்டாவில் கயஸ் யூலியஸ் டெமோஸ்தெனிஸ் தம் பெயரால் ஒரு கலைவிழாவுக்கு நிவந்தம் வைத்தார்; ஹேட்ரியனின் இசைவுக் கடிதத்தோடு அது 117 வரிகளில் பொறிக்கப்பட்டது. பரிசு, ஊர்வலம், பலி எல்லாம் அதில் வகுக்கப்பட்டுள்ளன. கொடுத்தவர் பெயர் நிலைக்க, பெற்றவர்கள் கடன்பட்டவர்களாகும் ஏற்பாடு இது. டயோஜெனிஸுக்கும் புகழாசை இருந்திருக்கலாம். கல் அதை மறுக்க உதவாது. ஆனால் வாழ்வின் அந்தியில் தாம் வெட்டுவிப்பதாகச் சொல்லும் அவர், இனிப் பிறக்கப்போகிறவர்களையும் அயலார் என்று அழைக்கப்படுவோரையும் பெறுவோராக எண்ணுகிறார். அவர்களில் எவரும் அவருக்குக் கைம்மாறு செய்ய இயலாதவர்கள். கொடையின் பெருமையில் வாழ்ந்த நகரில், கொடுத்த தாயின் குறைவை எண்ணி ‘இனி அனுப்பாதே’ என்னும் கடிதத்தையும் அவர் அதே பொறிப்பில் சேர்த்தார். இதைத் தற்செயல் என்று கொள்ள என்னால் முடியவில்லை.

கடிதத்தின் காலம் மட்டும் தீராமலே நிற்கிறது. இரு கடிதங்களிலும் வரும் கிளியோன் ஒருவரே என்றால், பித்தோக்கிளிஸ் லாம்ப்சக்கஸைச் சேர்ந்தவர் என்பதால், எபிகூரஸ் அங்கே கற்பித்த காலத்துக்கு, அதாவது ஏறத்தாழ கி.மு. 310க்கு, முன் கடிதத்தை வைப்பது கடினம். அப்போது தந்தை நியோக்கிளிஸ் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார் என்று காட்டும் வேறு சான்று நம் கையில் இல்லை. இருவரும் வேறு என்றால் இன்னும் முன்னே போகலாம்; புனைவு என்றால் லுக்ரீஷியஸுக்கும் பின்னே வரலாம். இம்மூன்றில் முதலாவதன் பக்கம் நான் சாய்கிறேன். அச்சாய்வு கிளியோன் என்னும் ஒரே பெயரைப் பற்றி நிற்பது என்பதால், அதன் மேல் வேறெதையும் கட்டவில்லை.