நொக்ஸ் கண்ட இறைச்சியும் நமது தவளமும்

1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாயிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில் நம் நாட்டுச் சாப்பாட்டையும் விடவில்லை. மாட்டிறைச்சி இங்கு அருவருப்பானது என்கிறார். வேடர்கள் மரப்பொந்தில் தேனூற்றி, இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்து வைப்பார்களாம். தேனில் ஊறிய இறைச்சி! நினைத்தாலே நாவூறுகிறது.

அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு, 1626இல், போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களுக்குச் செனரத் மன்னன் தஞ்சமளித்தான். மலைநாட்டில் நம்மவர்கள் தவளம் நடத்தினார்கள். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏறின, பாக்கு இறங்கியது. 'மாடு தின்போர்' என்று நம்மைச் சுருக்கிச் சொல்பவர்களுக்கு இந்த மாடுகள் கண்ணில் படுவதில்லை. நமக்கு மட்டும் படுகிறதா என்ன?

ஹஜ்ஜுப் பெருநாளில் தணல் மூட்டி இறைச்சி சுடும் என் மாணவர்களிடம் தவளம் என்றால் என்னவென்று கேட்டேன். ஒருவன் மட்டும் கையுயர்த்தினான். அவனுடைய உம்மும்மா வீட்டில் பழைய மாட்டு மணியொன்று கிடக்கிறதாம்.