உவர்மண்ணில் விளைந்த உப்பு

1938-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பனி உறைந்த சாலைகளில் உப்பைத் தூவத் தொடங்கியது. உப்பு கலந்த நீர் எளிதில் உறையாது. இன்று குளிர்நாட்டுக்காரர்கள் வீட்டு வாசலில் கொட்டுவதற்கென்றே மூட்டை மூட்டையாக உப்பு வாங்குகிறார்கள்.

குன்றாண்டார்கோவில் வட்டாரம் அடங்கிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலோ, உப்பு எடுப்பதே ஒருகாலத்தில் தடைசெய்யப்பட்டது.

கடலிலிருந்து விலகிய இந்த வறண்ட சீமையில் மண்ணுப்பு காய்ச்சும் தொழில் இருந்தது. வெயில் காலத்தில் தரையில் பூக்கும் உவர்மண்ணைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். தண்ணீர் விட்டு வடிப்பார்கள். வடிந்த உப்புநீரைக் காய்ச்சினால் உப்பு படியும். உப்பிலியர் என்ற சமூகத்தின் பெயரே இந்தத் தொழிலை ஒட்டி வந்ததுதான்.

ஆங்கிலேயருக்கு இது உறுத்தியது. தங்கள் எல்லையில் உப்புக்கு வரி வசூலித்தவர்களுக்கு, நடுவே வரியில்லா உப்பு விளைவது பெரிய ஓட்டை. சேஷையா சாஸ்திரி சமஸ்தானத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த 1887-இல் ஒப்பந்தம் ஏற்பட்டு, மண்ணுப்புத் தொழில் நிறுத்தப்பட்டது. ஈடாகச் சமஸ்தானத்துக்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய். கஜானா இழப்பீடு பெற்றது. ஆனால் காலடி மண்ணிலிருந்து தன் உப்பை எடுத்துக்கொள்ளும் உரிமை குடியானவனிடமிருந்து பறிபோனது. அது பெரும் அநீதி.

1930 ஏப்ரல் 13 அன்று பக்கத்துத் திருச்சியிலிருந்துதான் ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். 1947-இல் உப்பு வரி நீங்கியது. மறுஆண்டு மார்ச்சில் புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைந்தது.