குடும்ப சரித்திரமும் கப்பற் பதிவேடுகளும்

ஒரு குலத்தின் பெருமை அரசர் பட்டயங்களில் மாத்திரம் அடங்கியதன்று. பாட்டனார் உழுத நிலத்திலும், பாட்டியார் பொங்கலிட்ட சந்நிதியிலும், பிழைப்பை நாடிக் கடல் கடந்த இளைஞனின் பெயரிலும் அது தங்கியிருக்கின்றது. ஆயினும், பாட்டனாரைப் பெற்றவர் பெயரைத் தடையின்றிக் கூறவல்லார் நம்மவருள் எத்தனை பேர்? இக்குறை நீங்கும் மார்க்கத்தைக் கண்ணமங்கலத்தை முன்னிட்டுச் சிறிது ஆராய்வோம்.

சவ்வாது மலைக்கு அணித்தாயுள்ள கண்ணமங்கலம் முற்காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லா 1989-ம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்தபின் திருவண்ணாமலை மாவட்டத்திற்கு உரியதாயிற்று. ஆதலின் பழைய ஏடுகளில் இவ்வூரைத் தேடுவோர் வட ஆற்காடு என்னும் பெயரின் கீழேயே தேடல் வேண்டும்.

அந்த ஜில்லாவினின்றும் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் மிகப் பலர். சென்னையினின்று புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் 1860-ம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ந் தேதி நெட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரையில் ஏறக்குறைய 1,52,000 இந்தியர் அந்நாடு சென்றனர். பீஜித் தீவிற்கு 1903 முதல் சென்னையிலிருந்து கப்பல்கள் சென்றன. இவ்வாறு சென்றோரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் முதலியவற்றை அதிகாரிகள் பதிந்து வைத்தனர். உறவினர் மறந்தாரை அவ்வேடுகள் மறக்கவில்லை. நெட்டால் கப்பற் பதிவேடுகளை இன்று இணைய வாயிலாக வீட்டிலிருந்தபடியே பார்வையிடலாம்.

எனினும் தேடுதலை இணையத்தில் தொடங்குதல் முறையன்று. வீட்டிலேயே தொடங்கல் வேண்டும். முதியோரை அணுகி, பெயர், பட்டப்பெயர், பெண் கொடுத்த ஊர், குலதெய்வம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்க. பழைய பத்திரம், பட்டா, கலியாணப் பத்திரிகை முதலியவற்றைப் படமெடுத்து வைக்க. பிறகு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும், வருவாய்த்துறையின் தளத்தில் பட்டா, சிட்டாவையும் ஒப்பிட்டுப் பார்க்க. அதற்கு முற்பட்டவற்றிற்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடுதல் நலம்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறுவோம். முனுசாமி, கோவிந்தன் என்னும் பெயருடையார் பல்லாயிரவர். கண்ணமங்கலம் என்னும் பெயருடைய ஊரும் ஒன்றன்று. அன்றியும், தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பலவாறு சிதைந்துள்ளன. தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர் ஆகியவை ஒருங்கே பொருந்தினாலன்றி ஒருவரை நம் முன்னோர் எனக் கொள்ளலாகாது. இரண்டாவது, சாதி என்னும் கட்டத்தை வேதவாக்காகக் கருதற்க. சொன்னவர் ஒன்று சொல்ல, எழுதினவர் வேறொன்று எழுதியதும் உண்டு. கூலியாய்ச் சென்றார் என்று காணின் நாணி மறைப்பதும், அரச வமிசம் என்று புனைவதும் நமக்கு அடாத செயல்கள். வறுமையை வெல்லக் கடல் கடந்தவரினும் மேலான முன்னோர் நமக்கு எவர்?

அவர்தம் வழித்தோன்றல்கள் டர்பனிலும் சுவாவிலும் ஓர் ஊர்ப் பெயரை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு நம்மைத் தேடுகின்றனர். அவர்களுக்கு விடை கூறவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஏடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திரார். ஆகையால் சங்கத்து அன்பர் ஒவ்வொருவரும் இம்மாதத்திலேயே தம் வீட்டு மூத்தோர் அருகில் அமர்ந்து, நான்கு தலைமுறைப் பெயர்களையேனும் எழுதி வைக்குமாறு வேண்டுகின்றோம்.