வெளிநாட்டுப் போர்களும் தோட்டக் கடிதங்களும் (சப்ரகமுவ)

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள், பிறநாட்டுப் போரில் அகப்பட்ட உறவினர் குறித்து இலங்கை அரச நிறுவனங்களுக்கு அனுப்பும் முறையீடுகளும் இழப்பீட்டுக் கோரிக்கைகளும் இங்கு கூறப்படுகின்றன. ஒரு போரைக் கண்டித்து அமைப்புகள் கையளிக்கும் மகஜர் வேறு வகை. அதற்குக் 'கிடைத்தது' என்று ஒரு வரி எழுதினால் கோவையை மூடிவிடலாம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வரும் கடிதம் ஓர் ஆளைத் தேடச் சொல்கிறது.

இத்தகைய கடிதம் சேரவேண்டிய இடங்கள் இரண்டு: 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. பணியகத்தில் பதிந்து போனவரின் விவரம் ஏற்கெனவே அங்கு இருக்கும். பதியாமல் போனவரின் கடவுச்சீட்டு எண்ணைக்கூட வீட்டார்தான் தேடிக் கொடுக்கவேண்டும். எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ இருப்பவர் முதலில் போவது கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும்தான்.

மிகப் பெரிய அனுபவம் குவைத். 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் படை நுழைந்தபோது அங்கு பல்லாயிரம் இலங்கையர், பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்கள், இருந்தனர். மறுஆண்டு ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணைக்குழு அமைந்தது. தனியாளின் கடிதத்தை அது நேரே ஏற்கவில்லை. அவரவர் அரசே கோரிக்கைகளைத் தொகுத்து அனுப்பவேண்டியிருந்தது. நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவருக்கு 2,500 டொலர்; வேறு வகையில் கோருவதில்லை என்று ஒப்புக்கொண்டால் 4,000. இத்தொகையும் அரசின் கைவழியே வந்தது. உரியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதியாக இருந்தது. ஆகவே பெயரும் முகவரியும் பணத்துக்குச் சமமாயின.

பெயர், முகவரி இரண்டுமே தோட்ட மக்களிடம் தளர்ந்து கிடப்பவை. தமிழில் வைத்த பெயரைச் சிங்களத்தில் பதிந்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று என்றாகிவிடுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1988, 2003 ஆண்டுச் சட்டங்கள்வரை காத்திருந்த குடும்பங்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. முகவரியோ பல இடங்களில் தோட்டத்தின் பெயர் மட்டுமே. லயத்து அறைக்குத் தனி எண் இல்லாததால் தபால் தோட்ட அலுவலகத்தில் இறங்கும். அங்கிருந்து கைமாறி வரும்போது தவணை கடந்திருக்கும். அனுப்பிய அலுவலகத்தின் பதிவேட்டில் 'பதில் அனுப்பப்பட்டது' என்றே இருக்கும். அதுவும் உண்மைதான்!

மொழி பற்றி அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தெளிவாகவே பேசுகிறது. வடக்கு, கிழக்குக்கு வெளியே அரச பதிவேடுகள் சிங்களத்தில் இருக்கும்; ஆனாலும் குடிமகன் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் கடிதத்தை யாராவது வாசித்துச் சொல்லும்வரை அது மேசையில் கிடக்கும். அதனாலேயே பலர் யாரையாவது பிடித்துச் சிங்களத்தில் எழுதிக்கொள்கின்றனர்.

2006 லெபனான் போரிலும் 2023 ஒக்டோபரில் போர் தொடங்கிய பின் இஸ்ரேலிலும் கடிதத்துக்கு முன்பே தொலைபேசி வந்துவிட்டது. ஆயினும் அழைப்புக்குக் கோவை எண் கேட்டுப் பெறாதவர், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கோவையின் நிலையை அறிய ஓரளவு கைகொடுக்கிறது. புதிய பதிவேடுகளை 12 ஆண்டாவது காக்கவேண்டும். தகவல் கேட்டவருக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கவேண்டும். உயிரும் தனிமனித சுதந்திரமும் சம்பந்தப்பட்டால் 48 மணிநேரம். ஆனால் சட்டத்தின் சொற்படி அது கேட்பவரின் உயிராக இருக்கவேண்டும். தெரணியகலையில் இருக்கும் தாய், போர் நடக்கும் ஊரில் இருக்கும் மகளைப் பற்றிக் கேட்டால், எழுத்துக்கு எழுத்து வாசிக்கும் அதிகாரி அவரை 14 வேலை நாள் வரிசையில்தான் வைப்பார்.